மூன்று விரல் இடைவெளி

இது கட்டிவிட்ட கதை இல்லை. தொண்டிக்குத் தெற்கே கடலோரமாக ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கே தையல்காரி நாகஜோதி வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அவளே சொல்வாள். ஆனால் அவளிடம் "பிரமையா இருக்கும்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். வந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏற வேண்டியிருக்கும்.

நடந்தது நடுச்சாமத்தில் இல்லை. அதுதான் இதில் மோசம். சித்திரை மாதம், பட்டப்பகல், உச்சி வெயில்.

நாகஜோதி திருவாடானைப் பக்கத்துக்காரி. புருஷன் மாரீஸ்வரன் லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாசமாகும். நாலு வயது மகள் உமையாளோடு, தாஜுன்னிசா என்பவரின் பின்கட்டு வீட்டுக்கு அவள் வாடகைக்கு வந்த புதிது. வந்த கையோடு பிள்ளைக்கு உடம்பு சுட்டது. பழைய தெர்மாமீட்டர் சாமான் ஏற்றி இறக்கியதில் உடைந்து போயிருந்தது. மருந்துக்கடைக்குப் போனாள்.

கடைக்காரர் ஜெய்னுலாபுதீன், நெற்றிக்கு நேரே காட்டி அமுக்குகிற துப்பாக்கி மாதிரி மிஷின் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதவிட வெல கம்மியா இல்லையா பாய்?"

"இருக்கு. அது அடுப்பு, இரும்புச் சூடு பாக்குறது. புள்ளைக்கு ஆகாதும்மா. இது ஒடம்புக்குன்னே உள்ளது. ஃபேன நிப்பாட்டு, வேர்வையத் தொடச்சிரு. நெத்தியில ஒட்டக் கூடாது. மூணு வெரல் தள்ளிப் பிடி."

நாகஜோதி அடுத்தவர் சொன்னதை அப்படியே விழுங்குகிற ஆள் இல்லை. கடையிலேயே தன் நெற்றியில் பார்த்தாள். பாய் நெற்றியிலும் பார்த்தாள். இரண்டும் சரியாக இருந்த பிறகுதான் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து ஃபேனை நிறுத்தி, பிள்ளையின் வேர்வையைத் துடைத்து, மூன்று விரல் தள்ளிப் பிடித்து அமுக்கினாள். பீப். 97.

கை வைத்தால் சுடுகிறது. மிஷின் இல்லை என்கிறது. நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை, இதற்கு என்ன தெரியும் என்று தன் கையைத்தான் அவள் சந்தேகப்பட்டாள். கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தாள்.

மறுநாள் 94. அதற்கும் மறுநாள் காலையில் 91. பிள்ளை கஞ்சியைத் தள்ளிவிட்டது. கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றது. நம்பர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

உச்சிப் பொழுது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை. மறுபடியும் பிடித்து அமுக்கினாள்.

பீப்.

நம்பரே வரவில்லை. 'லோ' என்று வந்தது.

பாய்க்குப் போன் போட்டாள். "ஒங்க மிஷின் ரிப்பேரு. லோன்னு காட்டுது."

"ஒன் நெத்தியில பாரு."

98.4.

"செவுத்துல பாரு."

வெயிலில் காய்ந்த சுவர் 99 காட்டியது.

"அப்ப மிஷின் நல்லாத்தானம்மா இருக்கு. லோன்னா சூடே இல்லன்னு அர்த்தம். உசுரோட உள்ள ஒடம்புக்கு அப்பிடி வராதே... எங்கன பிடிக்கிற?"

நாகஜோதி போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அதைக் கவனித்தாள். பிள்ளையின் முன்நெற்றி முடி, எப்போதும் சுருண்டு நிற்பது, தட்டையாகப் படிந்து கிடந்தது. மேலே எதையோ வைத்து அழுத்தின மாதிரி.

ஒட்டக் கூடாது என்று பாய் சொல்லியிருந்தார். நாகஜோதி ஒட்டினாள். நெற்றியிலேயே வைத்து அமுக்கினாள்.

104.

மூன்று விரல் தள்ளினாள். லோ.

ஒட்டினாள். 104.

தள்ளினாள். லோ...

அந்த இடைவெளிக்குள் விரலை விட்டாள். ஐஸ் பெட்டிக்குள் விட்ட மாதிரி சில்லென்று விறைத்தது. அந்த வெயிலில்.

பிள்ளை கண்ணைத் திறக்காமலே முனகியது. "அம்மா... அந்தம்மாவ எந்திரிக்கச் சொல்லு. நெத்தி வலிக்குது."

அறையில் வேறு யாரும் இல்லை.

வேறு ஒருத்தியாக இருந்தால் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பாள். நாகஜோதிக்கும் பயம்தான். ஆனால் பயத்துக்கு மேலே கோபம் வந்தது. பெற்ற பிள்ளையின் காய்ச்சலைத் தன்னிடமே மறைக்க இது யார்?

"ஏ... நீ யாரா வேணா இரு. இது நான் பெத்த புள்ள. தள்ளு."

ஒன்றும் அசையவில்லை.

"தள்ளுறியா, இல்ல நான் தள்ளவா?"

இரண்டு கையையும் அந்தக் குளிருக்குள் நுழைத்து, பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். முழங்கை வரை மரத்துப் போனது.

பிள்ளை வரவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

பல்லைக் கடித்து இழுத்தாள்.

வந்தது.

ஆட்டோவில் போகும்போதே உமையாளுக்கு வெட்டு வந்து, கை கால் இழுத்து, கண் மேலே செருகிக்கொண்டது. நாகஜோதி அப்போதும் அழவில்லை. "வெரசா விடுண்ணே" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இவ்வளவு காய்ச்சலை மூன்று நாள் வீட்டில் வைத்துக்கொண்டா இருந்தாய் என்று திட்டித் தீர்த்தார். வாங்கிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது.

திரும்பி வந்ததும் நேரே வீட்டுக்காரம்மாவிடம் போனாள்.

"அக்கா, அந்த ரூம்ல செத்தது யாரு?"

தாஜுன்னிசா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்.

"ரூம்ல யாரும் மவுத்தாகல. கொரோனா வந்த வருசம். ஒரு பொம்பளையும் அவ மகளும் குடியிருந்தாக. புள்ளைக்குக் காய்ச்சல். தெரு மொனையில கருவ முள்ள வெட்டிப் போட்டு வழிய அடைச்சிருந்தாக. வாரவுக போறவுக நெத்தியில மிஷினக் காட்டுவாக. காய்ச்சல் காட்டுனா தெருவத் தாண்ட விட மாட்டாக. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன புள்ளைக்கு நூத்தி மூணு. போ வீட்டுக்குன்னு திருப்பி விட்டுட்டாக."

"பொறகு?"

"மறுநா உச்சியில திரும்பப் போனா. புள்ளையத் தூக்கி, அது நெத்தியோட தன் நெத்திய ஒட்ட வச்சு மறைச்சுக்கிட்டு. 'எனக்குக் காய்ச்சல் இல்ல, என்னையப் பாருங்க, விட்டுருங்க'ன்னு. ரெண்டு பேரையும் பிரிச்சு எடுத்துப் பாத்தாக. புள்ள போயி ரொம்ப நேரமாச்சு. அன்னைக்கே அவ கடலுக்குள்ள எறங்கிட்டா."

நாகஜோதிக்கு அப்போதுதான் விளங்கியது. மிஷின் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, இன்னொருத்தி பிள்ளையையாவது காப்பாற்றிவிட அந்தச் செத்தவள் தன் நெற்றியைக் குறுக்கே கொடுத்திருக்கிறாள்.

இவ்வளவுக்குப் பிறகும் நாகஜோதி அந்த வீட்டைக் காலி செய்யவில்லை. கேட்டால், தையலிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்.

"முள்ள வெட்டிப் போட்டவனுக எல்லாம் இதே தெருவுலதான் குடியிருக்கானுக. அவ எதுக்குப் போகணும்? நான் எதுக்குப் போகணும்?"