மூன்று மாதக் கடனும் என் வாய்க்கொழுப்பும்

புனேயில் ஒரு வெளிநாட்டு வங்கியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பக் கேட்டால் வங்கி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் வாய் தானாக நீண்டுவிடுகிறது.

என் மனைவியின் அண்ணன் கோவைக்காரர். புனேக்குப் பக்கத்தில் சாகணில் கார் உதிரிபாகங்கள் செய்து ஏற்றுமதி செய்கிறார். எஃகு வாங்கக் கடன் தேவைப்பட்டபோது, சிஞ்ச்வட்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் யோசனை கேட்டார். உள்ளூர் வங்கியில் மூன்று வருடத்துக்கு வாங்குவதா, இல்லை வெளிநாட்டு வங்கியில் மூன்று மாதத்துக்கு வாங்கிப் புதுப்பித்துக்கொண்டே போவதா?

"மூணு மாசக் கடன்தான் மச்சான். வட்டி கம்மி. ஒழுங்கா கட்டுறவங்களுக்கு அவங்களே கூப்பிட்டுப் புதுப்பிச்சுக் குடுப்பாங்க" என்றேன், சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி. அவரும் நம்பி வாங்கினார்.

பிறகு வெளிநாட்டு வங்கிகளில் பணம் போட்டவர்கள் பயந்துபோய் எடுக்க ஆரம்பித்தார்கள். எந்தக் கடனை முதலில் நிறுத்தலாம் என்று எங்கள் தலைமையகம் கேட்டது. நான் யோசிக்கவே இல்லை. நீண்ட காலக் கடனை நடுவில் பிடுங்க முடியாது. மூன்று மாதக் கடனைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும். கடன் வாங்கியவர்கள் தூர தேசத்தில் இருந்தால் சண்டைக்கும் வரமாட்டார்கள். அப்படியே எழுதி அனுப்பினேன். மேலாளர் பாராட்டினார். அன்று ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு மச்சான் வந்தார். அவருக்குக் கடன் கொடுத்தது வேறொரு வெளிநாட்டு வங்கி. புதுப்பிக்க முடியாது என்று அதுவும் கைவிரித்துவிட்டது.

"ஒரு நாள்கூடத் தாமதமா கட்டுனதில்லீங்களே மாப்ள, எதுக்குங்க நிறுத்தறாங்க? இரும்பு வரலைன்னா ஆர்டரே போயிருமுங்க."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவர்மேல் தப்பில்லை, அங்கே பணத் தட்டுப்பாடு, சீக்கிரம் முடிகிற கடனைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்று விளக்கினேன். பாதியில்தான், அந்தக் கடனை வாங்கச் சொன்ன புத்திசாலி யாரென்று உறைத்தது.

"அந்த பேங்க்ல நீங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"இதேதான் மச்சான். போன வாரம்தான் எங்க பேங்க்லயும் இப்படி எழுதிக் குடுத்தேன்."

மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். மச்சான் சிரித்தார். "பரவாயில்லீங்க. வெவரம் தெரிஞ்சவங்க கையிலதான் மாட்டியிருக்கறேன்."

அவமானமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறு மாதம், கோவையில் வீடு கட்ட வைத்திருந்த மனையை விற்று எஃகு வாங்கினார். விற்பதற்கு முன் என்னிடம் யோசனை கேட்கவில்லை.