இயக்குநர் விரும்பியபடி

எதிரில் யாராவது பேச்சை நீட்டினால் அந்தப் படத்தொகுப்பாளரின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகவே விரிந்து விரிந்து மூடும். கடைக்காரர், மைத்துனர், டாக்டர், யாருக்கும் விலக்கில்லை. படத்தொகுப்பு வேலை கணினிக்குப் போன பிறகும் ‘கத்திரி’ என்ற பட்டப்பெயர் அவரை விட்டுப் போகவில்லை. “சொல்ல வந்ததைச் சொல்லிட்டீங்க. அதுக்கு மேல ஃபிலிமை வீணாக்காதீங்க” என்பார்.

மனைவியிடம் மட்டும் அவருக்கு ஒரு விஷயத்தில் தலைகுனிவு. கல்யாணமான புதிதில், அவர் தொகுத்த ஒரு படத்தில் நடிக்க வேண்டியவள் வராமல் போக, இவளை ஒரு காட்சியில் நிறுத்தினார் இயக்குநர். துணி மடித்தபடி மழையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். படம் நீளம் என்று தயாரிப்பாளர் அதைத் தூக்கச் சொன்னார். இயக்குநர் குதிகுதியென்று குதித்தும் பலிக்கவில்லை. வெட்டியது கத்திரியின் கை. “அந்த புரொடியூசருக்கு ரசனை இல்ல. டைரக்டர் இஷ்டப்படி ஒருநாள் படம் வரும், அதுல நீ இருப்ப” என்று மனைவியைத் தேற்றினார். அவள் அதை மறக்கவேயில்லை.

அந்த நாள் வந்தேவிட்டது. ‘இயக்குநர் விரும்பிய பதிப்பு’ என்று படம் மறுபடி வெளியாகப் போகிறது. அவள் அக்கா வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். தொகுப்பறையில் தலை நரைத்த இயக்குநர் பக்கத்தில் உட்கார, வெட்டியதையெல்லாம் கத்திரி ஆசையாய் ஒட்டிக் காட்டினார். துணி மடிக்கும் பெண் சிரித்ததும் இயக்குநர் தாடையைச் சொறிந்தார்.

“இது வேண்டாமே. கதை நின்னுபோகுது.”

“இதுக்காகத்தானே சார் அன்னைக்கு அவ்வளவு சண்டை போட்டீங்க?”

“போட்டேன். ஏன் போட்டேன்னுதான் புரியல.”

கத்திரிக்குத் தலை சுற்றியது. இயக்குநரின் விருப்பம் என்றால் எந்த இயக்குநரின் விருப்பம்? மேசையைத் தட்டி மல்லுக்கு நின்ற அந்த இளைஞருடையதா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் இவருடையதா? இவருடையதுதான் என்றால் தயாரிப்பாளர் சொன்னது சரியாகிவிடுகிறதே. இத்தனை வருடம் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசியது எந்தக் கணக்கில் சேரும்? தொழில் கண்ணால் பார்த்தால் கதை அங்கே நிற்கத்தான் செய்தது. கணவனின் கண்ணால் பார்த்தால் அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கண்ணை மூடிக்கொள்வதென்று பாவம் அவருக்கு விளங்கவில்லை. குழம்பிய மனதோடே காட்சியை எடுத்துவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மனைவி கேட்டாள். “நான் இருக்கேன்ல?”

“சாப்பிட்டுட்டுச் சொல்றேனே.”

“ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறீங்க.”

தட்டை வைத்தவள், இரவல் உடையில் நின்றதையும், மழைக்காகக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியதையும், சிரிப்பு வராமல் தவித்ததையும் ஆதியிலிருந்து ஆரம்பித்தாள். பேச்சு நீண்டது. மேசைக்கடியில் கத்திரி தம் இரண்டு விரல்களையும் இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.