பழகாத வண்டு

மாமாவுக்கு நிம்மதியாக உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி, ஒரு காலை ஊன்றி, யாராவது கூப்பிட்டால் ஓடத் தயாராக இருப்பார். தானியக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை: மூட்டை அட்டிகளில் பூச்சி கொல்வது. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய அட்டியைப் பெரிய பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவார். உள்ளே வாயு மாத்திரைகளை வைப்பார். மணல் அடைத்த நீளப் பைகளால் ஓரங்களை அழுத்திவிட்டு வெளியே வருவார். மாத்திரை காற்றுப்பட்டு நஞ்சு வாயுவாகும். ஏழு நாள் கழித்து விரிப்பை எடுத்தால் வண்டெல்லாம் செத்துக் கிடக்கும். கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'விரிப்பு' என்றால் அவர்தான்.

போன வருஷம் வண்டுகள் சாகவில்லை. விரிப்பை எடுத்த மறுநாள், மூட்டையில் குத்தூசி விட்டுக் கோதுமையை எடுத்துச் சலித்தால், தட்டில் சிவப்பு வண்டுகள் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. மேலாளர் தட்டை மாமாவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"விரிப்பு, மருந்து அட்டிக்குள்ள போகுதா, வேற எங்கயாவது போகுதா?"

"உள்ளதான் சார் போகுது."

"அப்ப இதுங்க என்ன, செத்துப் பொழைச்சு வந்ததா?"

ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. மாத்திரையைக் குறைத்துப் போட்டுவிட்டு மீதியை வெளியே விற்றதாகச் சந்தேகம். ஐந்து மாதத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

"திருடத் தெரிஞ்சிருந்தா இந்த மனுஷன் இந்நேரம் ஒரு நல்ல செருப்பாவது போட்டிருப்பாரு," என்றாள் அத்தை. மாமா சிரிக்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது விலங்கியல். இயற்கைத் தேர்வு பற்றிய கேள்விக்கு நான்கு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். அந்தத் தெம்பில்தான் சொன்னேன்: "இது ஒண்ணுமில்ல மாமா. பூச்சிக்கு மருந்து பழகிடுச்சு."

ஊரில் வயலுக்கு மருந்து அடிக்கிற எல்லாரும் சொல்கிற சொல் அது. அந்த நான்கு பக்கத்தில் ஓரிடத்தில்கூட நான் எழுதாத சொல். வாயில் மட்டும் அதுதான் வந்தது.

மாமா நடப்பதை நிறுத்தினார். "பழகிடுச்சா?"

மறுநாள் இரண்டு பாட்டில்களோடு வந்தார். ஒன்றில் கிடங்கு வண்டு நூறு. இன்னொன்றில், எந்தக் காலத்திலும் வாயு போட்டிராத ஒரு சின்ன மாவு மில்லிலிருந்து பிடித்து வந்த வண்டு நூறு. இரண்டும் ஒரே ஜாதிதான், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டுக்கும் வாயில் மெல்லிய துணி கட்டி, அடுத்து மூடவிருந்த அட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். மாத்திரைகளைக் காவலாளியின் கண்ணெதிரே எண்ணிப் போட்டார். விரிப்பின் ஓரத்தில் காவலாளியைக் கையெழுத்துப் போடவைத்தார்.

"என்னய்யா, பூச்சிக்குப் பரீட்சை வைக்கிற?" என்றார் காவலாளி.

"எனக்குத்தான் வைக்கிறாங்க. அதுங்க சாட்சிக்கு வருது."

ஏழு நாள் முழுசாக முடிந்து விரிப்பை எடுத்தபோது மில் வண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிடங்கு வண்டில் அறுபத்தொன்று நடமாடிக்கொண்டிருந்தன. வாயு முழுசாக இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் பக்கத்துப் பாட்டில் எப்படிக் காலியாகும்? எனக்கு நிம்மதியாகிவிட்டது.

"போதும் மாமா. இதக் காட்டி, மருந்து பழகிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துடுங்க."

"நீ படிச்சவன், சொல்லு. எனக்கு இந்த வாயுவோட நாத்தம் இப்ப மூக்குலயே ஏறுறதில்ல. ஒரு மாசம் லீவு போட்டுட்டுப் போனா, முதல் நாளே குடலப் புரட்டுது. அதுக்குப் பேருதான் பழக்கம். பழகுனது மறக்கணும்ல? இதுங்க மறக்குதா?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது விடைத்தாளில் இருந்த பதில். அவர் கேட்டது வண்டிடமிருந்து வரவேண்டிய பதில்.

பிழைத்த அறுபத்தொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மாவில் விட்டார். மில்லிலிருந்து புதிதாகக் கொஞ்சம் பிடித்துவந்து இன்னொரு பாட்டிலில் விட்டார். வாயுவின் வாசனைகூடப் படாமல் இரண்டும் முட்டையிட்டுப் பெருக வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் மனிதர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. காலையில் எழுந்ததும் பாட்டில். வேலைக்குக் கிளம்புமுன் பாட்டில். பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு தரம் பாட்டில்.

"நம்ம பசங்க பொறந்தப்பகூட இவ்வளவு தரம் எட்டிப் பாக்கல," என்றாள் அத்தை. "அதுங்களுக்குப் பேரும் வெச்சுடுங்க."

முதல் தலைமுறையைத் தனியே எடுத்து, அதன் பிள்ளைகளையும் வளர்த்தார். பேரப்பிள்ளை வண்டுகளை அட்டிக்குள் வைத்தார். பெற்றவர்களும் வாயுவைக் கண்டதில்லை, பிள்ளைகளும் கண்டதில்லை. பழக்கமாக இருந்தால் எல்லாம் மறந்திருக்க வேண்டும். மில் வண்டின் பேரப்பிள்ளைகள் மொத்தமும் செத்தன. கிடங்கு வண்டின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலானவை கால் வீசி நடந்தன.

நான் பட்டம் வாங்கினேன். என் பிள்ளை அகரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வண்டுக்கு அப்படியில்லை. தாங்கும் சக்தி அதற்குப் பிறக்கும்போதே வருகிறது.

இப்போது மாமாவின் நடை இன்னும் கூடியது. காரணத்தை நான் கேட்காமல் அவராகவே சொன்னார். ஏழு நாள் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். மூட்டை ஏற்ற லாரி வந்து நின்றால் மேலாளர் அவசரப்படுத்துவார், நான்காம் நாளே இவர் விரிப்பை எடுத்துவிடுவார். ஆறு வருஷமாக இதுதான் நடந்தது. வண்டுக்கு ஆறு வருஷம் என்பது ஐம்பது தலைமுறை.

"லேசா தாங்குறது எப்பவும் ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும் மாப்ள. ஏழு நாள் விட்டிருந்தா அதுவும் போயிருக்கும். நாலாம் நாள் தொறந்து, அது மட்டும் பொழைச்சு, அது மட்டும் குட்டி போட வழி பண்ணுனது யாரு? திருடுனேன்னு சொன்னது பொய்யி. வளத்தேன்னு சொன்னா நான் என்ன சொல்லுவேன்?"

விசாரணைக்கு வந்தது ஒரு பெண் அதிகாரி. பாட்டில்களையும் காவலாளியின் கையெழுத்தையும் பார்த்தார். நேர்மையானவர், உடனே புரிந்துகொண்டார். "திருட்டு இல்லன்னு தெரியுது. பூச்சி மருந்துக்குப் பழகிடுச்சுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

மாமா பேனாவை வாங்கினார், கீழே வைத்தார்.

"பழகலைங்க மேடம்."

பக்கத்தில் இருந்த மேலாளர் மெதுவாக, "போடுய்யா, முடிஞ்சுது," என்றார்.

"சல்லடை கோதுமைய சின்னதாக்குதுங்களா மேடம்? ஏற்கெனவே சின்னதா இருக்கறதக் கீழ விடுது. தினம் சலிச்சுக் கீழ விழுந்ததையே வெதைச்சா, கடைசில பொடிக் கோதுமைதான் விளையும். நாங்க பண்ணுனது அதுதான். பழகிடுச்சுன்னு எழுதுனா, கொஞ்ச நாள் நிறுத்திட்டா மறந்துடும்பாங்க. மறக்காது. நாலாம் நாள் விரிப்ப எடுத்தோம்னு எழுதுங்க."

"பதிவேட்டுல ஏழுன்னு இருக்கே?"

"எழுதுனதும் நான்தாங்க. எடுத்ததும் நான்தாங்க."

"எடுக்கச் சொன்னது யாரு?"

மாமா மேலாளரைப் பார்க்கவில்லை. "லாரி நின்னுச்சு மேடம்," என்றார். மேலாளர் எழுந்து நின்று, "நான்தான் சொன்னேன்," என்றார்.

திருட்டுக் குற்றச்சாட்டு போனது. பொய்ப் பதிவுக்காக இருவருக்கும் எச்சரிக்கை. மாமாவிடமிருந்து மாத்திரை வைக்கும் பொறுப்பைப் பறித்துவிட்டார்கள். இப்போது மணல் பை சுமக்கிறார். கூடவே ஓர் உத்தரவும் வந்தது: இனி பத்து நாள், ஒரு மணி நேரம் குறையக் கூடாது.

"ஒரு கையெழுத்து போட்டிருந்தா பழைய வேலையே இருந்திருக்கும்," என்று அத்தை இன்னும் புலம்புகிறாள். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும்.

நேற்று மத்தியானம் போனில் பேசினார். புது முறையில் மூடிய முதல் அட்டி, ஆறாம் நாள். பின்னால் ஹார்ன் விடாமல் அலறியது.

"யாரு மாமா அது?"

"லாரிதான். நிக்கட்டும்."

நிற்கட்டும் என்று சொன்னாரே தவிர, அவர் நிற்கவில்லை. அட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கும் செருப்புச் சத்தம் பேச்சு முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.