கயிறு யார் கையில் இருந்தது

அடிலெய்டில் நாயை வெளியே கூட்டிப்போக நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை மணிக்குப் போகிறோம், எந்தப் பக்கம் போகிறோம், திரும்பி வரும்போது நாயின் மனநிலை எப்படி இருந்தது என்று எழுதுவதற்கெல்லாம் கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர்கள் வேண்டாமென்று விட்டுப்போன நாய்களை அடைத்து வைத்திருக்கும் காப்பகம் அது. ஷெல்ட்டர் என்பார்கள். முதல் நாள் 'நாய் சந்தோஷமாக இருந்தது' என்று எழுதிவிட்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்த என் மனநிலையைக் கேட்க அந்த ஊரில் ஒரு கட்டமும் கிடையாது.

இது 2002இல். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, அவள் விசாவில் நான் ஒட்டிக்கொண்டு போனவன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் ஒன்பது வருடம் மெஷின் பார்த்திருக்கிறேன். அதை இங்கே சொன்னால் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" என்பார்கள். சம்பளமில்லாமல் எங்கேயாவது உழைத்து, 'இவன் நல்லவன்' என்று ஒரு வெள்ளைக்காரர் எழுதித் தந்தால்தான் வேலை நகரும் என்று மனைவியோடு வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். சிலர் நூலகத்துக்குப் போனார்கள். எனக்குத் தெரிந்தது நாய்.

ஊருக்குப் போன் பண்ணி அண்ணனிடம் சொன்னேன். எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் கரிசல் கிராமம் எங்களுடையது. அண்ணன் ராமசுப்பு அங்கே பருத்தியும் கம்பும் போட்டுக்கொண்டு மழையைத் திட்டிக்கொண்டு இருந்தான்.

"வேலை கெடச்சிருச்சாலே?"

"இல்லண்ணே. நாயைக் கூட்டிட்டு நடக்கேன்."

"யார் வீட்டு நாயி?"

"யார் வீட்டு நாயும் இல்ல. சம்பளமும் கெடையாது."

அண்ணன் கேட்டான்: "அந்த ஊரு நாயிக்குத் தனியா நடக்கத் தெரியாதோ?"

காப்பகத்தில் பொறுப்பாக இருந்த மார்கரெட்டும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் மாற்றிக் கேட்டாள். "உங்கள் ஊரில் நாயை யார் நடத்திக் கூட்டிப்போவார்கள்?" யாரும் இல்லை, அதுவே போகும், அதுவே வரும் என்றேன். "ராத்திரி எங்கே தூங்கும்?" வெளியே. "வயதானால்?" செத்துப்போகும். அவள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. நாயின் மீதா, என் மீதா என்று தெரியவில்லை. ஆனாலும் சேர்த்துக்கொண்டாள். பயிற்சியில் அவள் மூன்று தடவை சொன்னது ஒன்றுதான்: கயிற்றின் நுனியில் இருக்கும் வளையத்துக்குள் மணிக்கட்டை நுழைத்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். என்ன நடந்தாலும் நாய் கையை விட்டுப் போகக் கூடாது.

எங்கள் பக்கம் பழக்கமே தலைகீழ். எங்களிடம் இருந்தது கன்னி நாய். ஒல்லியாக, கறுப்பாக, முயலுக்கென்றே பிறந்த ஜாதி. அதை விற்க மாட்டார்கள், வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள். வேட்டைக்குப் போகும்போது கழுத்துப்பட்டை வளையத்தில் கயிற்றை இரட்டையாகக் கோத்து, இரண்டு முனையையும் ஒரே கையில் பிடிப்போம். முயல் எழும்பினால் ஒரு முனையை விட வேண்டும். கயிறு தானாக உருவிக்கொள்ளும், நாய் பறந்துவிடும். கண் முயலைப் பார்த்ததும் விரல் திறக்க வேண்டும். யோசித்தால் முயல் போய்விடும். சட்டப்படி இந்த வேட்டை தப்பு. அது தெரிந்துதான் போனோம்.

இதற்கு ஒரு வழக்கமும் உண்டு. நாய் எதையாவது கடித்துவிட்டால் நாயைக் கேட்பதில்லை. கயிறு பிடித்தவனைத்தான் கேட்பார்கள். நான் தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முயலைக் கண்டு ராசுவை விட்டேன். ராசு எங்கள் நாய். முயல் மாடத்தியக்காவின் ஆடுகளுக்குள் புகுந்தது. அவள் புருஷனை இழந்தவள், நாலைந்து வெள்ளாடுகளை வைத்துப் பிழைத்தவள். ராசு சினை ஆட்டின் குரல்வளையைப் பிடித்துவிட்டது. ஆடுகள் நிற்பதைப் பார்க்காமல் விட்டது என் தப்பு. மாடத்தியக்கா செத்த ஆட்டைத் தலையில் சுமந்துவந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை.

"கயிறு யாரு கையில இருந்துச்சு?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். அதற்குள் அண்ணன் வெளியே போய், "எங் கையிலதான்க்கா" என்றான். அவள் பேசிய பேச்சையெல்லாம் குனிந்து நின்று வாங்கிக்கொண்டான். தொழுவத்திலிருந்து நல்ல சினை ஆடு ஒன்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான். அன்று அவன் என்னைத் திட்டவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதனால் எங்கள் ஊர் தங்கமான ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். கன்னி நாய் ஆறு குட்டி போட்டால் இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கியவர்கள்தான் நாங்கள். அதிலும் பெட்டைக்குட்டிதான் முதலில் போகும். மார்கரெட் கேட்காததால் நான் சொல்லவில்லை.

காப்பகத்தில் டஸ்டி என்று ஒரு நாய் இருந்தது. வேட்டை நாய்க் கலப்பு. ஒட்டிய வயிறும் நீண்ட மூஞ்சியுமாக ராசுவின் சாடையிலேயே இருக்கும். மூன்று மாதம் செவ்வாயும் வெள்ளியும் நான்தான் அதை நடத்தினேன். நின்றால் என் முழங்காலில் சாய்ந்துகொள்ளும். அதை எடுத்துப்போக ஒரு குடும்பம் பெயர் கொடுத்திருந்தது. அந்த வாரச் சனிக்கிழமை வருவதாக இருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை காய்ந்த ஓடைக்கரையில் போய்க்கொண்டிருந்தோம். மஞ்சள் புல்லும் வெடித்த தரையுமாக, பங்குனி மாதத்துக் கரிசல் போலவே இருக்கும் இடம். வளையத்துக்குள் மணிக்கட்டை நான் நுழைத்திருக்கவில்லை. என்றைக்குமே நுழைத்ததில்லை, கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். காலடியிலிருந்து முயல் எழும்பியது. விரல்கள் திறந்துகொண்டன.

முயல் பொந்துக்குள் போய்விட்டது. அந்தப் பக்கம் வயதான ஒருவர் கூட்டி வந்த சின்ன வெள்ளை நாய் குரைத்துக்கொண்டு குறுக்கே ஓடியது. டஸ்டி அதைக் கவ்வி ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான். அவர் புல்லில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மாடத்தியக்கா கேட்டதை அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. "என் மனைவியின் நாய். அவள் போய் இரண்டு வருடமாகிறது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு அடி எதுவும் இல்லையே?" என்று கேட்டார்.

காப்பகத்துக்குத் திரும்பியதும் மார்கரெட் விபத்துப் படிவத்தை நீட்டினாள். அதில் ஒரு கேள்வி: கயிற்று வளையம் மணிக்கட்டில் இருந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அந்த வெள்ளிக்கிழமை ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ. அவள் தருவதாகச் சொன்ன கடிதம் மேஜையிலேயே டைப் ஆகி, கையெழுத்து இல்லாமல் கிடந்தது. நான் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டேன்.

அவள் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "தப்பு ஆள் மேல் என்றால் டஸ்டிக்காக நான் பேசிப் பார்த்திருப்பேன். அக்கம்பக்கம் இல்லாத பண்ணைக்காவது அனுப்பலாம். மணிக்கட்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடும் நாயை யாரை நம்பிக் கொடுப்பது?" என் கையை ஒரு முறை பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. "உன் தப்பு இல்லை" என்று தோளைத் தட்டினாள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. நாயைக் கொல்லும் ஊசி போடும்போது பழகியவர் பக்கத்தில் இருப்பது அங்கே வழக்கமாம். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். என் கையில் கயிற்றைப் பார்த்ததும் டஸ்டி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது. நடக்கப் போகிறோம் என்று நினைத்திருக்கும். ஊசி ஏறியதும் என் முழங்காலில் சாய்ந்தபடியே அதன் கால் மடங்கியது. வெள்ளிக்கிழமை வேலை கிடைத்தது. 'நம்பகமானவர்' என்று மார்கரெட் எழுதியிருந்தாள். பல வருடம் அந்த வேலையில்தான் சாப்பிட்டேன். காப்பகத்துக்கு அப்புறம் நான் போகவே இல்லை.

மூன்று வருடம் கழித்து, ஒரு பங்குனியில் ஊருக்குப் போனேன். கோடை மழை பெய்து நிலம் ஈரமாக இருந்தது. ராசு செத்துப்போய் அதன் வாரிசு ஒன்று நின்றது. அண்ணன் கயிற்றை என் கையில் கொடுத்தான். பறித்து முடித்துக் காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிய காட்டில் பாதி தூரம் போயிருப்போம், முயல் எழும்பியது.

"விடு. விடுலே."

விடவில்லை. நாய் எகிறியது, மூச்சுத் திணறியது, என்னைக் கரிசலில் இழுத்துத் தள்ளியது. உள்ளங்கையில் கயிறு தோலை உரித்துக்கொண்டு போனது. முயல் உடைமரங்களைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணன் வந்து என் கையைத் தூக்கிப் பார்த்தான். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன்.

"ஏம்லே சுத்துன? மாடா புடிக்க?"

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டஸ்டியை, கட்டத்தை, கடிதத்தை. அண்ணன் நாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

"மாடத்தியக்கா வாசல்ல வந்து உக்காந்தாள்லா, அன்னிக்கு உன்னையப் பேச விட்டிருக்கணும்லே" என்றான். எழுந்து நடந்தான்.

நாலாம் நாள் அடிலெய்டில் இறங்கினேன். விமானத்தில் கொடுக்கும் அட்டையில், பண்ணை நிலத்துக்குப் போனீர்களா, காலணியில் மண் இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். எல்லோரும் 'இல்லை' போட்டுவிட்டு வேகமாகப் போய்விடுவார்கள். நான் 'ஆம்' போட்டேன். ஒரு பெண் அதிகாரி என் ஷூவை வாங்கிக்கொண்டு போய், பிரஷ் போட்டுத் தேய்த்துக் கரிசலையெல்லாம் கழுவி, ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினாள். வாங்கும்போது என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள்.

"என்ன ஆயிற்று?"

"நாய்க் கயிறு."

"விட்டிருக்கலாமே" என்றாள்.

காயத்தின் ஓரத்தில், தோலுக்கு அடியில், ஊர் மண் ஒரு கறுப்புக் கோடாக இருந்தது. அதற்கு அட்டையில் கட்டம் இல்லை. கையை மூடிக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தேன்.