சாம்பாரை மீட்ட டயர்

போன ஞாயிற்றுக்கிழமை, பட்டு வேட்டி கட்டிய ஒருவர் டிராக்டர் ஓட்டி சாம்பாரைக் காப்பாற்றியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சிரிக்காதீர்கள்... அவர் என் மச்சான்.

என் மனைவி சுமதியின் அண்ணன் ஏழுமலை. ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் இடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மகள் ரேவதிக்காக வெள்ளானூரில் வீடு கட்டியிருந்தார். பக்கத்து காலி மனையும் அவருடையதுதான். கிரகப்பிரவேசத்துக்குப் பந்தலும் பந்தியும் அங்கேதான் என்று திட்டம். ஆனால் மனை முழுக்க இடுப்பளவு புல்.

இதில் சம்பந்தி வேறு. அதாவது, ரேவதியின் மாமனார். வேலை நடக்கும்போது ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "காட்டுக்குள்ள கட்டியிருக்கீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்புதான் மச்சானுக்கு உறைத்துவிட்டது. கிரகப்பிரவேசத்தன்று அந்த இடம் மைதானம் மாதிரி இருக்க வேண்டும் என்று சபதம்.

ஆள் வைத்து வெட்டினால் முடிந்தது, இல்லையா? மச்சான் கேட்கவில்லை. ஒரு சின்ன டிராக்டர், பின்னால் மாட்டிக்கொள்ளப் புல்வெட்டி. நம் மனை முடிந்ததும் சுற்றியிருக்கும் காலி மனைகளையும் வாடகைக்கு வெட்டலாமாம். ரிட்டயர் ஆனவருக்குக் கையில் நேரம் இருந்தால் வேறு என்ன தோன்றும்?

பூந்தமல்லி ஷோரூமுக்குத் துணைக்கு நான் போனேன். வண்டியை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார். டயரில்தான் வந்தது வினை. ஒன்று, அகலமாக, தட்டையாக, தரைக்கு வலிக்காமல் ஓடுகிற டயர். இன்னொன்று, கை தடிமனுக்குப் பட்டை பட்டையாகப் புடைத்த வயல் டயர். புல் வெட்ட மட்டும் என்றால் தட்டை டயரே போதும் என்றார் கடைக்காரர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, வண்டின்னா புடிப்பு ஓணும். மேட்ல ஏறணும், பள்ளத்துல எறங்கணும், தண்ணில போவணும்."

"வெள்ளானூர்ல ஏது மச்சான் மேடு?"

"மேடு இல்லாங்காட்டி இன்னா? நாளைக்கு மழ வந்தா ஏரியே ஊட்டுக்கு வந்துடும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்நாள் முழுக்க பீரங்கி வண்டிகளோடு பழகியவருக்குப் புல் வெட்டுவதும் எல்லைப் போர்தான். வயல் டயரே வந்தது.

வெள்ளிக்கிழமை பூஜை. டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஒரு அடி முன்னே நகர்த்தினார். பழங்கள் நசுங்கியபோது என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... பிடிப்புக்கு அதுதான் சாட்சி போல.

அன்று ராத்திரி நல்ல மழை. தரை காயட்டும் என்று சுமதி சொன்னாள். யார் கேட்டது? சனிக்கிழமை காலையிலேயே மச்சான் மனைக்குள் இறங்கிவிட்டார். புல் சுத்தமாகப் போய்விட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஈரத்தில் டயர் போன இடமெல்லாம் உழுத மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் இன்னொரு மழை. அவ்வளவுதான், நாற்று நடலாம் என்கிற அளவுக்குச் சேறு.

பந்தல்காரர் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் வீட்டு வாசலில், தெருவை அடைத்துப் பந்தல் போட்டோம். மச்சான் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் ஹோமம் நன்றாக நடந்தது. சம்பந்தி குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்திக்கு நேரமானபோது அம்பத்தூரிலிருந்து சமையல் வேன் வந்தது. தெருவில் பந்தல் நிற்கிறதே, எப்படி உள்ளே வரும்? டிரைவர் பக்கத்து மனை வழியாகச் சுற்றிக்கொண்டு வரப் பார்த்தார். பாதியில் புதைந்துவிட்டது. பின் சக்கரம் சுழல்கிறது, சேறு பறக்கிறது, உள்ளே அண்டா அண்டாவாகச் சாம்பார் தளும்புகிறது.

மச்சான் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். டிராக்டரில் ஏறினார். கயிற்றைக் கட்டி ஒரே இழுப்பு... வேன் ஆடி அசைந்து வாசலில் வந்து நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

சம்பந்தி எழுந்து வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த இடத்துக்கு இந்த டயர்தான் சரின்னு அன்னைக்கே கணக்குப் போட்டிருக்கீங்க பாருங்க!"

மச்சான் அடக்கமாகத் தலையை ஆட்டினார். நான் வாயைத் திறந்தேன். சுமதி என் காலை மிதித்தாள்.

யோசித்துப் பாருங்கள். பள்ளம் வெட்டியவரே நம்மைத் தூக்கியும் விட்டால், தூக்கிவிட்டது மட்டும்தானே மனதில் நிற்கிறது? ஆபீசில் ஃபைலைக் குழப்பியவரே லீவு நாளில் வந்து சரிசெய்து பாராட்டு வாங்குவதை நாம் பார்த்ததில்லையா? எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இலையில் உட்கார்ந்து மச்சான் சந்தோஷமாகச் சாப்பிட்டதைப் பார்த்தபோது, அந்தச் சேறு எப்படி வந்தது என்பதைச் சம்பந்தியிடம் சொல்ல மனசு வரவில்லை.

இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிய பிறகு சுமதி சொல்கிறாள் — சம்பந்தி வாராவாரம் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தானாம்.