ஏழாவது சுற்று

மார்க்கம் வீதியில் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மண்டபத்தை விட்டு வெளிக்கிட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் பஸ் ஓடுகிறது என்று பலகையில் எழுதியிருப்பார்கள், கண்ணால் கண்டவர்கள் குறைவு. மண்டபத்தார் கொடுத்த கறுப்பு வெஸ்ற் இன்னும் என் மேலேயே இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று மனேச்சர் சொன்னதை நான் கேட்டும் கேளாதவன்போல வந்துவிட்டேன். ஜூன் மாத வெயிலில் அது முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வேலையால் துரத்தப்படுவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பிறகு கப்பலில் பாத்திரம் கழுவினேன், மூன்று நாடுகளில் கடவுச்சீட்டு இல்லாமல் இருந்தேன், இங்கே வந்து கூரைக்குத் தார் பூசினேன், பனி தள்ளினேன், இரண்டு மாரிகாலம் ஒரு ஐஸ் ஹொக்கி அரங்கில் பனித்தளத்தைச் சீவித் தண்ணீர் விடும் வண்டி ஓட்டினேன். துரத்தினால் அடுத்த வேலை. அதற்காக நான் கோபப்படுவதில்லை. அன்று கோபம் வந்தது, நான் கையில் கொடுத்த போனில் பையன் ஒருவன் பேசி முடித்தானா, எதிர்முனையில் இருந்தவர் அதுவரை காத்திருந்தாரா என்று தெரியாமலே என்னை வெளியே தள்ளியதால்.

நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் ஐஸ் ஹொக்கி என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அதன் பெரிய தொழில்முறை லீக் ஒவ்வொரு கோடைகாலத்திலும் பதினெட்டு வயதுப் பையன்களைத் தெரிவு செய்கிறது. கழகங்கள் முறை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். ஏழு சுற்று. எந்தக் கழகம் கூப்பிடுகிறதோ அங்கேதான் பையன் போகலாம், அவனுக்கு விருப்பம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. உயரம் எவ்வளவு, நிறை எவ்வளவு, தகப்பனின் தோள் எவ்வளவு அகலம், இவன் இன்னும் வளருவானா என்றெல்லாம் பார்த்து எழுதி வைத்திருப்பார்கள். அரங்கில் வேலை செய்த காலத்தில் மூலையில் உட்கார்ந்து கோப்பி குடித்தபடி எழுதும் அந்த ஆட்களைக் கண்டிருக்கிறேன். மாட்டுச் சந்தையில்கூட மாட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இவர்கள் கிட்டவும் வருவதில்லை.

ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் பையன் அந்த வருடம் அந்தப் பட்டியலில் இருந்தான். நாலாம் சுற்றிலோ ஐந்தாம் சுற்றிலோ போவான் என்று யாரோ பத்திரிகையில் எழுதியிருந்தார்களாம். எங்கள் ஆட்களில் ஒருவன் அவ்வளவு தூரம் போவது பெரிய விசயம். அதை நான் மறுக்கவில்லை. மற்ற வீடுகளில் இப்படியான நாளில் என்ன செய்வார்கள்? தாயும் தகப்பனும் பையனும் சோபாவில் இருந்து ரீவி பார்ப்பார்கள். கூப்பிட்டால் கட்டிப்பிடிப்பார்கள், கூப்பிடாவிட்டால் பீட்சா எடுப்பார்கள். இந்தத் தகப்பன் மண்டபம் எடுத்தார். பூப்புனித நீராட்டு விழாவுக்கு அடிப்பதுபோல அழைப்பிதழ் அடித்தார். சுபநேரம் பன்னிரண்டு பத்து என்று அதில் போட்டிருந்தது. லீக்காரர் தெரிவைப் பன்னிரண்டு மணிக்கே தொடங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். சாத்திரியார் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு பத்துக்குப் பையனை மேளத்தோடு கூட்டி வந்து மேடையில் மணவறைக் கதிரையில் இருத்தினார்கள். சிவப்பு வெல்வெற், தங்கப்பூச்சுக் கைபிடி, பின்னால் இரண்டு சிங்கம். நீல நிற கோட்சூட்டில் அவன் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தான். எதிரே சுவரில் பெரிய திரை. விளக்கேற்றப் பதினொரு பேரைப் பட்டம் பதவி சொல்லிக் கூப்பிட்டார்கள். அது முடியும்போது திரையில் இரண்டாம் சுற்றுப் பாதி கடந்திருந்தது. முதல் சுற்று முந்தின நாளே முடிந்துவிட்டது, அதில் அவனை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அன்றைக்கு வேலை, கதிரை அடுக்குவது, மேசைக்குத் தண்ணீர் வைப்பது, மேடைப் பக்கம் வயர்களில் யாரும் இடறாமல் பார்ப்பது. பையன் கதிரையில் இருந்த உடனே வீடியோக்காரர் அவனுடைய போனைச் சுட்டிக்காட்டினார். மடியில் போன் வெளிச்சம் அடித்தால் படம் கெட்டுவிடுமாம். தகப்பன் அதை வாங்கிப் பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினார்.

"இதை வச்சிரு. எல்லாம் ரீவியிலதானே வரும்."

நான் வெஸ்ற் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் சுற்று, நாலாம் சுற்று. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பின்லாந்துப் பையன், மினசோட்டாப் பையன், கியூபெக் பையன். மைக்கோடு நின்ற அறிவிப்பாளர், பேச ஒன்றும் இல்லாமல் போனதும் படம் எடுப்பதைத் தொடங்கி வைத்தார். யூனியன்வில் மாமா குடும்பம் மேடைக்கு வரவும். றிச்மண்ட் ஹில் சித்தப்பா குடும்பம் தயாராகவும். வந்தவர்கள் பையனின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவன் எழும்புவான், சிரிப்பான், இருப்பான். திரும்ப எழும்புவான். திரையில் அவனுடைய வாழ்க்கை சுற்றுச் சுற்றாகக் கழிந்து போக, அதைப் பார்க்கவிடாமல் முன்னால் சாறிகளும் கோட்டுகளும் மறைத்துக்கொண்டு நின்றன. இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கலியாணத்தில் மாப்பிள்ளை எழும்பி எழும்பி இருந்தால் அவனுக்குக் கடைசியில் ஒரு மனுசியாவது கிடைக்கும்.

ஐந்தாம் சுற்று முடிந்தபோது நான் தண்ணீர் வைத்த மேசையில் நாலு பேர் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உயரம் காணாதாம்," என்றார் ஒருவர்.

"ஹோல் எடுக்க முதல் அளந்து பாத்திருக்கலாமே," என்றார் மற்றவர்.

மேசை குலுங்கச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் கொஞ்சம் முன்னர்தான் மேடையில் பையனின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துவிட்டு வந்தவர்.

ஏழாம் சுற்றுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் பொக்கற்றுக்குள் போன் நடுங்கியது. எடுக்கலாமா என்று யோசித்தேன். பையனின் போன், எடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அரங்கில் வேலை செய்தவன் என்பதால் ஒன்று தெரியும்: தெரிவு நடக்கும் நாளில் வரும் அழைப்புகளைத் தட்டிவிடக் கூடாது. சமையலறைப் பக்கம் போய் எடுத்தேன். கிழக்கே ஐந்து மணித்தியாலம் தள்ளி இருக்கும் ஒரு கழகத்தின் ஆள். மெதுவாகத்தான் பேசினார். என் ஆங்கிலத்துக்கு அது போதும். இந்தச் சுற்றில் பையனை யாரும் எடுக்காவிட்டால் தங்கள் பயிற்சி முகாமுக்கு வரட்டும், நாளை காலை பத்து மணிக்கு வைத்தியப் பரிசோதனை, ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, சுற்று முடிவதற்குள் அவனே தனக்குப் போன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவனைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

முன்வரிசையில் இருந்த தகப்பனிடம் ஓடிப்போய்க் காதுக்குள் சொன்னேன். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் கூப்பிட ஆக்கள் இருக்கு. பேசாமப் போய் நில்லு."

"அண்ணை, அவங்கள் பாத்துக்கொண்டிருக்கமாட்டாங்கள்."

"இவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர பிள்ளை ட்ரையலுக்குக் கெஞ்சிக்கொண்டு போறதோ? போனை ஓஃப் பண்ணு."

அந்த மனிதர் பன்னிரண்டு வருடம் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பனிக்குள்ளால் வானை ஓட்டிப் பையனை அரங்குகளுக்குக் கொண்டுபோனவர். அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அவருடைய வாயிலிருந்து கெஞ்சிக்கொண்டு என்ற அந்தச் சொல் வந்தபோது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. பன்னிரண்டு வருடம் ஓட்டியவருக்கு இன்னும் ஒரு விடியற்காலை ஓட்ட மானம் இடம் கொடுக்கவில்லை.

என் பிழையையும் சொல்லவேண்டும். நான் திரும்பிப் போய் வயரடியில் நின்றேன். போனை ஓஃப் பண்ணவில்லை, ஆனால் கொடுக்கவும் இல்லை. சம்பளம் தருகிறவன் சொன்னால் கேட்டுப் பழகிய உடம்பு. கிட்டத்தட்டப் பத்து நிமிடம் அப்படியே நின்றேன். திரையில் பெயர்கள் விழுந்துகொண்டிருந்தன. மேடையில் அறிவிப்பாளர் தகப்பனின் கூட்டாளிகளைக் கூப்பிட்டார். ஆறு பேர் பையனைச் சுற்றி நின்றார்கள். அதில் ஒருவர் பையனின் நாடியைப் பிடித்து முகத்தைக் கமராவின் பக்கம் திருப்பினார்.

அந்த நேரம் போன் இரண்டாம் முறை நடுங்கியது.

நான் மேடையில் ஏறினேன். ஆறு பேருக்கும் நடுவால் புகுந்து போனைப் பையனின் கையில் வைத்தேன். வீடியோக்காரர் கத்தினார். அதற்குள் போன் அடங்கிவிட்டது. பையன் அதில் இருந்த இலக்கத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"எப்ப எடுத்தவங்கள்?"

"பத்து நிமிசம் இருக்கும். நாளைக்குக் காலமை கேம்ப். உடன எடுத்துக் கதை."

"டென் மினிட்ஸ்? சீரியஸ்லி, அங்கிள்?"

அவன் மேடையால் குதித்துச் சமையலறைக் கதவுக்குள்ளால் ஓடினான். அரங்கில் பையன்கள் பக்கப் பலகைக்கு மேலால் மட்டையோடு பாய்வதைக் கண்டிருக்கிறேன், இது அதைவிட வேகம். தகப்பன் எழும்பி என்னிடம் வந்தார். வேலைக்கு வந்தவனுக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்டார். நானூறு சனத்துக்கு முன்னால் தன்னை அவமானப்படுத்தினேன் என்றார். அவரை அவமானப்படுத்த நான் எதற்கு? அதற்குத்தான் அழைப்பிதழ் அடித்து எல்லோரையும் கூப்பிட்டிருந்தாரே. இதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் மனேச்சர் என் கையைப் பிடித்துப் பின்பக்கக் கதவால் வெளியே விட்டார்.

இப்படித்தான் நான் மார்க்கம் வீதியில் நடந்துகொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு சின்னக் கார் மெதுவாக வந்து, நாலு பக்க விளக்கும் மினுங்க என் பக்கத்தில் நின்றது. பையனின் தாய். பட்டுச்சாறியோடு, தலையில் பூவோடு, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். ஏச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணை, உங்களுக்கு லைசன்ஸ் இருக்கோ?"

"இருக்கு. கார்தான் இல்லை."

"ஹைவே ஓடுவியளோ?"

"ஓம்."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பையன் பேசிவிட்டான். கழகத்து ஆள் அப்போதுதான் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தாராம். ஏழாம் சுற்று முடிந்தது, பையனை ஒருவரும் கூப்பிடவில்லை. தகப்பன் வானின் திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, போகிறவன் தன் காலால் போகட்டும் என்று சொல்லிவிட்டார். பையனுக்கு லைசன்ஸ் இல்லை. பன்னிரண்டு வருடமும் தகப்பன் ஏற்றி இறக்கியதில் அவனுக்கு அது தேவைப்படவில்லை. பத்து மணிக்கு முன்னால் போய்ச் சேரும் பஸ்ஸும் இல்லை. தாய்க்குப் பெருந்தெருவில் ஏறப் பயம். மண்டபத்துக்கு வரவே உள்வீதியால்தான் வந்திருக்கிறார்.

"சும்மா கேக்கேல்ல. கூலிக்குத்தான் கேக்கிறன்," என்றார். "அவர் கோபம் ஆறுவார். ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு முன்னம் ஆறமாட்டார்."

நான் காரில் ஏறினேன். அவர் என்னை என் அறை வாசலில் இறக்கிவிட்டார். அடுத்த நாள் விடிய முதலே அவரே வந்து என்னை ஏற்றிக்கொண்டு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனார். புது வீடுகள், இன்னும் புல் பதிக்காத முற்றங்கள். ஹொக்கிப் பை காரின் டிக்கிக்குள் அடங்கவில்லை. பின் சீற்றை மடித்து அதைத் தள்ளினோம். மட்டைகளை எனக்கும் பையனுக்கும் நடுவால் முன்கண்ணாடி வரை நீட்டி வைத்தோம். வான் கராஜ் வாசலில் நின்றது. வீட்டுக்குள் விளக்கு எரிந்தது, ஒருவரும் வெளியே வரவில்லை. தாய் சாப்பாட்டுப் பெட்டியைத் தந்துவிட்டு உள்ளே போனார்.

கிங்ஸ்டன் வரை பையன் நித்திரை. எழும்பியதும் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, முகாமுக்கு வருகிற கனபேர் ஏற்கெனவே தெரிவானவர்கள், தன்னைப் போல வருகிறவனுக்கு ஒப்பந்தம் கிடைப்பது அருமை என்றான். கவலையாகச் சொல்லவில்லை, காலநிலை சொல்வதுபோலச் சொன்னான். அந்தப் பத்து நிமிடத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். மட்டைக்கு மேலால் எட்டி எனக்கும் ஒரு கட்டிப் புட்டுத் தந்தான்.

ஒன்பதே முக்காலுக்கு அரங்கின் வாசலில் நிறுத்தினேன். மேசையில் இருந்த பெண் பட்டியலில் அவனைக் கண்டுபிடிக்க நேரம் எடுத்தார். கடைசித் தாளின் அடியில், பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார்கள். அவனுக்கு ஒரு இலக்கம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, பெற்றோருக்கு மேலே இருக்கை இருக்கிறது, நீங்கள் தகப்பனா என்று கேட்டார்.

இல்லை, டிரைவர் என்றேன்.

அப்படியென்றால் வெளியே, கார்த் தரிப்பிடத்தில் என்றார். போய்க் காருக்குள் காத்திருந்தேன். அவனைக் கொண்டுவந்து இறக்குவதற்குத்தான் கூலி பேசியிருந்தோம். திரும்பக் கூட்டிப் போவதைப் பற்றித் தாயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.