சிவசங்கரியின் பதினாறு அட்டைகள்

இடது மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டை உருவி, பதினாறு அட்டைகளையும் தரையில் பரப்பிவிட்டால், சிவசங்கரி அப்புறம் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. விரலைத்தான் பார்க்கிறாள். எதன்மேல் தயங்குகிறது, எதைச் சட்டென்று தள்ளுகிறது என்று. அட்டைக்கு ஓர் ஊறுகாய் ஜாடிப் படம். ஒன்றில் வாய் அகலம், பூ இல்லை, எழுபது ரூபாய். இன்னொன்றில் வாய் குறுகல், தங்கப் பூ, அறுபது. இப்படிப் பதினாறும் மாற்றி மாற்றி. பிடித்ததிலிருந்து பிடிக்காததுவரை அடுக்க வேண்டும்.

"என்னா வேணும்னு கேட்டா எல்லாமே வேணும்பாங்க. எத வுட்டுத் தருவீங்கன்னு கேக்கணுங்க" என்பாள். சந்தை ஆய்வில் அதற்குக் கான்ஜாயிண்ட் என்று பெயராம்.

நல்லூர்க்காரி. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பெண்களை மடக்கி அடுக்கவைக்கிறாள். யாராவது பயந்தால், "பரிட்சையா இது? தப்பே கெடையாதுங்க" என்று சிரிப்பாள். டீ கொடுத்தால் வாங்கமாட்டாள். "டீ குடிச்சா உங்களுக்குப் புடிச்ச பதிலா எழுதிப்புடுவேன்."

பீங்கான் சங்கத்தார் சொல்லி என் ஜாடிப் பட்டறைக்கும் வந்தாள். நான் மூன்றாவதோடு நின்றவன். களிமண் சுமந்த தலை, இன்று இரண்டு சூளைக்கு முதலாளி. எனக்கா அட்டை? 2006 மாங்காய் சீசனுக்குத் தங்கப் பூ போட்ட குறுவாய் ஜாடி மூவாயிரம், மறுநாள் வார்ப்பு. விற்காமல் தேங்கினால் ஒரு சூளையை மூட வேண்டியதுதான். தேங்குமா, என் கைராசிக்கு?

"நூறு பேருல எழுவது பேரு பூவ வுட்டுட்டு அகல வாயத்தாங்க எடுப்பாங்க. பத்து ரூபா கூடன்னாலும்" என்றாள் சிவசங்கரி.

"என் வூட்டுக்காரிய அடுக்கச் சொல்லு. பூவத்தான் எடுப்பா. பந்தயம்!"

என் மனைவி கண்ணம்மாள் அடுக்கினாள். அதைப் பார்த்துக் கணக்குப் போட்ட சிவசங்கரி, ஒரு சீட்டில் எழுதி மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். பிறகு எந்த அட்டையிலும் இல்லாத இரண்டு நிஜ ஜாடிகளை வைக்கச் சொன்னாள். ஐம்பது ரூபாய்க்கு என் பூ ஜாடி. அறுபதுக்குப் பக்கத்துப் பட்டறையின் அகல வாய் வெள்ளை.

கண்ணம்மாள் வெள்ளையை எடுத்தாள். சீட்டைப் பிரித்தேன். 'வெள்ளை' என்றிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாதது, அரைமணி நேரத்தில் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது?

"ஏ கண்ணம்மா, பூ நல்லாயில்லியா?"

"பூவு அழகாத்தாங்க இருக்குது. உள்ள யாரு கழுவறது, நீங்களா?"

நான் சிவசங்கரியைப் பார்த்தேன். என் பூ ஜாடியைத் தூக்கி, கண்ணாடி வளையல் போட்ட வலது கையை உள்ளே விட்டாள். வளையல் தட்டி, கை ஜாடியின் வாயிலேயே நின்றது. வார்ப்பு மேஸ்திரி பச்சமுத்துவுக்குப் போன் போட்டு, "நாளைக்கு ஊத்தாதடா" என்று நான் சொல்லும்வரை அவள் அதை வெளியே எடுக்கவில்லை.